லாகர் நொதிக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் முறை

குளிரில் மெல்ல நொதிக்கும் பீர் வகையான லாகருக்கு ஈஸ்ட் போட்ட மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு குமிழிகூட இருக்காது. அதற்கடுத்த நாளும் இல்லாமல் போகலாம். முதல் தடவை செய்பவர்கள் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். மூடியைத் திறந்து கிளறுவது, சர்க்கரை சேர்ப்பது, கையில் கிடைத்த வேறொரு ஈஸ்டைத் தூவுவது என்று ஏதேதோ செய்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த லாகருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உண்மையிலேயே மந்தமாக இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியவை இரண்டு: ஈஸ்ட் போதவில்லை, அல்லது வோர்ட் (முளைகட்டிய தானியமான மால்ட்டின் இனிப்புச் சாறு, இதில்தான் ஈஸ்ட் போடுகிறோம்) அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிட்டது. பல நேரம் இரண்டும் சேர்ந்தே வரும்.

கீழே உள்ள கணக்கெல்லாம் ஒரே ஓர் உதாரணத்தை வைத்துச் சொல்லப்படுகிறது: 20 லிட்டர் பில்ஸ்னர் அல்லது ஹெல்லஸ் (இரண்டும் வெளிர் நிற லாகர்கள்), தொடக்க அடர்த்தி 1.048 (வெறும் தண்ணீர் 1.000), சாஃப்லாகர் டபிள்யூ-34/70 என்ற உலர் லாகர் ஈஸ்ட், நொதிக்கும் வெப்பநிலை 10 முதல் 13 டிகிரி செல்சியஸ். லண்டனிலோ டொரோண்டோவிலோ மெல்பர்னிலோ தன் வீட்டுக்கென்று பீர் செய்பவருக்கு இது பொருந்தும். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். அங்கே இதை முயலக் கூடாது.

சரியாகப் போகும் லாகர் எப்படி இருக்கும்

கோளாறு எது என்று சொல்வதற்கு முன் இயல்பு எது என்று தெரிய வேண்டும். ஈஸ்ட் போட்ட பிறகு 24 முதல் 48 மணி நேரம் வெளியே எதுவும் தெரியாது. 72 மணி வரை போனாலும் பதற வேண்டியதில்லை. மேலே படியும் நுரை, சூட்டில் நொதிக்கும் ஏல் வகை பீரைப் போலக் குமுறி எழாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் வெள்ளையாக, மெல்லிய ஏடு போல நிற்கும். அடர்த்தி உச்ச வேகத்தில் நாளுக்கு 4 முதல் 6 புள்ளி (ஒரு புள்ளி என்பது 0.001) இறங்கும். 1.048-இல் தொடங்கியது 1.008-க்கும் 1.012-க்கும் நடுவில் எங்கோ நிற்க 10 முதல் 14 நாள் ஆகும். மூன்று வாரம் எடுத்துக்கொள்வதும் உண்டு.

மார்கழியில் இட்லி மாவு பொங்க மறுநாள் மதியம் வரை காத்திருப்போமே, அதே கதைதான் இங்கும். குளிரில் ஈஸ்ட் வேலை செய்யும், ஆனால் மெதுவாகச் செய்யும். லாகர் ஈஸ்ட் என்பது இரண்டு இனங்கள் கலந்த கலப்பினம். ஒன்று ரொட்டிக்கும் ஏலுக்கும் பயன்படும் சாதாரண ஈஸ்ட். மற்றொன்று குளிரைத் தாங்கும் காட்டு ஈஸ்ட். அது தென் அமெரிக்காவின் படகோனியாக் காடுகளில் இருப்பதை 2011-இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். குளிரில் இயங்கும் திறன் அந்த வழியில் வந்தது. ஆனால் தாங்குவது வேறு, வேகமாக ஓடுவது வேறு.

எதையும் தொடுவதற்கு முன்

அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரை எடுங்கள். குமிழியை எண்ணிக் காரணம் தேடுவதில் பயனில்லை. அடர்த்தி இறங்குகிறதா என்பது ஒன்றுதான் சாட்சி.

கிருமி நீக்கிய குழாயால் ஜாடி நிறைய மாதிரி எடுத்து, இரண்டு குவளைகளில் மாறி மாறி ஊற்றி வாயுவை வெளியேற்றுங்கள். குமிழிகள் ஹைட்ரோமீட்டரில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கினால், உண்மையைவிடக் கூடுதல் அடர்த்தி காட்டும். அடுத்து மாதிரியை 20 டிகிரிக்குச் சூடேறவிடுங்கள். கருவியின் தாளில் எந்த வெப்பநிலை அச்சிட்டிருக்கிறதோ அதுதான் அதன் அளவுகோல். 20 டிகிரிக்கு அளவிட்ட கருவியைப் 10 டிகிரி பீரில் விட்டால் 1 முதல் 2 புள்ளி கூடுதலாகக் காட்டும். மாதிரியைத் திரும்பத் தொட்டியில் ஊற்றாதீர்கள். குடித்துப் பாருங்கள். நாக்குக்குத் தெரிவது பல நேரம் கருவிக்குத் தெரியாது.

வெப்பமானியையும் ஒரு முறை சோதியுங்கள். நொறுக்கிய பனிக்கட்டி நிறைந்த நீரில் அது பூஜ்யம் காட்ட வேண்டும். 3 டிகிரி பொய் சொல்லும் வெப்பமானியை நம்பி 10 என்று வைத்தால், உள்ளே 7 டிகிரியில் ஈஸ்ட் உறங்கிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: ஏர்லாக்கில் (மூடியில் வாயு வெளியேறும் நீரடைப்பில்) குமிழி இல்லை, ஆனால் அடர்த்தி இறங்குகிறது

கோளாறு எதுவும் இல்லை. பிளாஸ்டிக் வாளியின் மூடி ஓரத்தில் வாயு கசிகிறது. மேலும், குளிர்ந்த திரவம் கரியமில வாயுவைக் கூடுதலாகக் கரைத்து வைத்துக்கொள்ளும். 10 டிகிரியில் அது நிறைந்த பிறகுதான் மிச்சம் வெளியே வரும். மூடியை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அறிகுறி: 72 மணி தாண்டியும் அடர்த்தி ஒரு புள்ளிகூட இறங்கவில்லை

இதுதான் கவனிக்க வேண்டிய நிலை. வோர்ட்டில் இனிப்பு இருக்கிறது, ஆல்கஹால் இல்லை, அமிலமும் ஏறவில்லை. கெடுக்கும் பாக்டீரியாவுக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆகவே கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள்.

முதலில் ஈஸ்ட் பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். டப்பாவில் வரும் லாகர் கிட்டுகள் சிலவற்றில் மூடிக்கு அடியில் ஒட்டியிருப்பது ஏல் ஈஸ்ட். பெயர் மட்டும்தான் லாகர். பொட்டலத்தில் 18 முதல் 24 டிகிரி என்று அச்சிட்டிருந்தால் அது 10 டிகிரியில் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. தொட்டியை 18 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், ஓரிரு நாளில் தொடங்கிவிடும். கிடைப்பது அசல் லாகராக இருக்காது, ஆனால் நல்ல பீராக இருக்கும்.

அடுத்தது எண்ணிக்கை. லாகருக்கு ஒரு மில்லி லிட்டர் வோர்ட்டுக்கு, அடர்த்தியின் ஒவ்வொரு பிளேட்டோ டிகிரிக்கும் (அடர்த்தியைச் சொல்லும் இன்னோர் அளவுகோல்) 15 லட்சம் செல் வேண்டும் என்பது மதுவடிப்பவர்களின் கணக்கு. 1.048 என்பது சுமார் 12 பிளேட்டோ. ஆக 15 லட்சத்தை 12-ஆலும் 20,000 மில்லி லிட்டராலும் பெருக்கினால் 36,000 கோடி செல். ஏலுக்கு இதில் பாதி போதும். ஒரு திரவ ஈஸ்ட் பொதியில் புதிதாக இருக்கும்போதே சுமார் 10,000 கோடிதான் இருக்கும். நாலு மாதம் பழசான பொதி என்றால் அதில் பாதி உயிரோடு இருப்பதாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஒரு பொதியை நேரே 20 லிட்டர் குளிர்ந்த வோர்ட்டில் கொட்டினால், நாலு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டியது போலத்தான்.

உலர் ஈஸ்டில் கணக்கு எளிது. 12 முதல் 15 டிகிரி செல்சியஸில் நொதிக்க, 100 லிட்டருக்கு 80 முதல் 120 கிராம். நம் 20 லிட்டருக்கு 16 முதல் 24 கிராம், அதாவது 11.5 கிராம் பொட்டலம் இரண்டு. 9 டிகிரியில் தொடங்க ஆசைப்பட்டால் இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தேவைப்படும். அதனால்தான் முதல் லாகரை 12, 13 டிகிரியில் வைப்பதே சரி என்று உறுதியாகச் சொல்கிறோம். டபிள்யூ-34/70 அந்தச் சூட்டில் பழ வாசனை எதுவும் விடாமல் சுத்தமாகவே நொதிக்கும். 9 டிகிரியின் பெருமைக்காக ஈஸ்டைப் பட்டினி போட வேண்டாம்.

ஒரு பொட்டலம்தான் போட்டீர்கள் என்றால் இரண்டாவதை இப்போதே போடலாம். அடர்த்தி இன்னும் இறங்காத நிலையில் ஆல்கஹால் தொல்லை இல்லை. பொட்டலத்தைப் போல 10 மடங்கு எடையுள்ள, கொதித்து ஆறிய நீரில், அதாவது 115 மில்லி லிட்டரில், 21 முதல் 25 டிகிரியில் தூவி 15 நிமிடம் விட்டு, மெல்லக் கலக்குங்கள். பிறகு தொட்டியிலிருந்து கொஞ்சம் வோர்ட்டை எடுத்து அதில் சேர்த்து 10 நிமிடம், இன்னும் கொஞ்சம் சேர்த்து 10 நிமிடம் என்று இறக்கி, வோர்ட்டைவிட 5, 6 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாதபோது ஊற்றுங்கள். 24 டிகிரியிலிருந்து நேரே 10 டிகிரியில் விழும் செல்கள் அதிர்ந்து அடியில் போய்ப் படுத்துவிடும்.

மூன்றாவது, ஈஸ்ட் செத்திருக்கலாம். வெயிலில் தபால் வண்டியில் கிடந்த திரவப் பொதி, காலாவதியான பொட்டலம், 40 டிகிரிக்கு மேல் சூடான நீரில் கரைத்த உலர் ஈஸ்ட், ப்ளீச் போட்டுக் கழுவிச் சரியாக அலசாத தொட்டி எல்லாம் கொலைகாரர்கள். அதே ஈஸ்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தால், கொதித்து ஆறிய 100 மில்லி லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உலர் மால்ட் சாரத்தைக் கரைத்து, 25 டிகிரியில் ஈஸ்டைப் போட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் நுரை கட்டினால் உயிர் இருக்கிறது. கழுவாமல் விடும் அமிலக் கிருமிநீக்கியான ஸ்டார் சான் நுரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறிப்பிட்ட அளவில் கரைத்திருந்தால் அது ஈஸ்டைக் கொல்லாது.

நாலாவது, வெப்பநிலை கட்டுப்பாட்டுக் கருவியின் உணரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குளிர்பெட்டிக்குள் காற்றில் தொங்கவிட்டிருந்தால் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடி நிற்கும், காற்றுதான் 11 டிகிரி, உள்ளே வோர்ட் வேறொன்று. உணரியைத் தொட்டியின் சுவரில், திரவ மட்டத்துக்குக் கீழே நாடாவால் ஒட்டி, அதன் மேல் இரண்டு விரல் கனத்துக்கு ஸ்பான்ஜ் வைத்து மூடுங்கள். தொட்டி குளிர்பெட்டியின் பின்சுவரில் ஒட்டி நிற்கக் கூடாது. பனிக்காலத்தில் கராஜில் வைப்பவர்களுக்குக் கோளாறு நேர்மாறானது. குளிரவைக்க வேண்டியதில்லை, இரவில் வோர்ட் 5 டிகிரிக்குப் போய்விடும். கட்டுப்பாட்டுக் கருவியின் சூடாக்கும் இணைப்பில் ஒரு வெப்பப் பட்டையை மாட்டுங்கள், அல்லது தொட்டியை வீட்டின் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள்.

போட்டது ஏல் ஈஸ்ட் இல்லையென்றால், காரணம் எதுவாக இருந்தாலும் முதல் சிகிச்சை ஒன்றுதான்: தொட்டியை 14 டிகிரிக்கு ஏற்றிவிட்டு ஒரு நாள் பாருங்கள். நொதித்தல் தொடங்கி, மேலே நுரை ஏடு தெரிந்த பிறகு மெல்ல 12-க்கு இறக்கிக்கொள்ளலாம்.

அறிகுறி: சூட்டில் தொடங்கியது, குளிர்பெட்டியில் வைத்ததும் நின்றது

கோடையில் குழாய்த் தண்ணீரே 20 டிகிரி இருக்கும்போது, குளிர்விக்கும் சுருள் வோர்ட்டை 23 டிகிரிக்கு மேல் இறக்காது. பலர் அங்கேயே ஈஸ்டைப் போட்டுவிட்டுத் தொட்டியைக் குளிர்பெட்டிக்குள் தள்ளுகிறார்கள். 20 லிட்டர் 11 டிகிரிக்கு இறங்க அரை நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் ஈஸ்ட் பெருகத் தொடங்கிவிடும். வளரும் நேரத்தில் சூடு சரிந்துகொண்டே போனால், பஞ்சம் வருகிறது என்று எண்ணிய குடியானவன் போல அது கதவைச் சாத்திக்கொள்ளும்.

இந்தத் தடவைக்கு 14 டிகிரிக்கு ஏற்றித் தொட்டியை மெல்லச் சுழற்றி, அடியில் படிந்ததை எழுப்புங்கள். அடுத்த தடவை மூடிய தொட்டியை ஈஸ்ட் இல்லாமல் இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் 11 டிகிரியில் ஈஸ்டைப் போடுங்கள். தொட்டியும் மூடியும் சுத்தமாக இருந்தால் ஓர் இரவு தாமதத்தால் கெடுதல் இல்லை. சூட்டில் தொடங்குவதால் வரும் வெண்ணெய் வாசனையும் இதனால் குறையும்.

அறிகுறி: நடக்கிறது, ஆனால் நாளுக்கு ஒரு புள்ளி, இரண்டு புள்ளிதான்

ஈஸ்ட் எண்ணிக்கையும் சூடும் சரி என்று தெரிந்த பிறகு ஆக்ஸிஜனைப் பாருங்கள். ஈஸ்ட் பிரியும்போது புதுச் செல்லுக்குச் சவ்வு கட்ட ஸ்டெரால் என்ற கொழுப்புப்பொருள் வேண்டும், அதை உண்டாக்க ஆக்ஸிஜன் வேண்டும். கொதித்த வோர்ட்டில் காற்றே இருக்காது. திரவ ஈஸ்ட் போடுபவர்கள் 8 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) ஆக்ஸிஜனைச் சேர்க்க வேண்டும். தொட்டியை ஐந்து நிமிடம் பலமாகக் குலுக்கினால் காற்றிலிருந்து மிஞ்சிப்போனால் 8 பிபிஎம் கிடைக்கும். ஆக்ஸிஜன் உருளையும் அரை மைக்ரான் நுண்துளைக் கல்லும் இருந்தால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் ஒரு நிமிடம் போதும். உலர் ஈஸ்ட் தொழிற்சாலையிலேயே ஸ்டெராலைச் சேமித்துக்கொண்டு வருவதால் முதல் தடவைக்கு இந்தக் கவலை இல்லை. முதல் லாகருக்கு உலர் ஈஸ்டை வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நொதித்தல் தொடங்கிய பிறகு காற்றைச் சேர்க்கவே கூடாது. மூன்றாம் நாள் குலுக்கினால் ஈஸ்டுக்குப் பயன் இல்லை, பீரில் ஈர அட்டைப்பெட்டி வாசனை வரும்.

அடுத்தது சத்து. முழுக்க மால்ட்டில் செய்த வோர்ட்டில் நைட்ரஜன் போதுமான அளவு இருக்கும். ஆனால் துத்தநாகத்தின் பெரும்பகுதி சக்கையோடும் வண்டலோடும் போய்விடும். ஈஸ்டுக்கு வேண்டியது 0.1 முதல் 0.2 பிபிஎம் என்ற துளி அளவுதான், அது இல்லாவிட்டால் நொதித்தல் இழுத்துக்கொண்டே போகும். துத்தநாகம் கலந்த ஈஸ்ட் சத்துப்பொடி 2 கிராமைக் கொதியின் கடைசி 10 நிமிடத்தில் போட்டால் தீர்ந்தது. 1.7 கிலோ டப்பா சாரத்தோடு ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை சேர்க்கும் கிட் முறையில் நைட்ரஜனும் குறையும். சர்க்கரைக்குப் பதில் உலர் மால்ட் சாரம் போடுவது வேகத்துக்கும் நல்லது, ருசிக்கும் நல்லது.

திரவ ஈஸ்ட்தான் வேண்டும் என்பவர்கள் ஸ்டார்ட்டர் (ஈஸ்டை முன்கூட்டியே பெருக்கும் சிறு வோர்ட்) செய்யாமல் லாகரைத் தொடக் கூடாது. உலர் மால்ட் சாரம் 200 கிராமை நீரில் கரைத்து 2 லிட்டராக்கி, 10 நிமிடம் கொதிக்கவைத்து, 20 டிகிரிக்கு ஆற்றி, இரண்டு பொதி ஈஸ்டை அதில் விடுங்கள். காந்தக் கலக்கி இல்லையென்றால் போகும்போதும் வரும்போதும் குடுவையைச் சுழற்றுங்கள். 24 முதல் 36 மணி கழித்துக் குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்தால் ஈஸ்ட் அடியில் இறுகும். மேலே நிற்கும் புளித்த தெளிவைக் கொட்டிவிட்டு, அடியில் உள்ள பசையை மட்டும் வோர்ட்டில் சேருங்கள்.

அறிகுறி: 1.020 பக்கம் வந்து நின்றுவிட்டது

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எதனால் அளந்தீர்கள்? ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள். ஆல்கஹால் ஒளியை வேறு விதமாக வளைக்கும். 12 பிரிக்ஸில் (அந்தக் கருவியின் சர்க்கரை அளவு) தொடங்கிய வோர்ட் இப்போது 6 பிரிக்ஸ் காட்டினால், அட்டவணையில் பார்ப்பவர் 1.024 என்று நினைத்துக் கலங்குவார். ஆல்கஹாலுக்குத் திருத்திப் பார்த்தால் அது சுமார் 1.010. பீர் முடிந்தேவிட்டது. நின்றுபோனதாகச் சொல்லப்படும் லாகர்களில் இப்படி முடிந்துபோனவையும் உண்டு.

தொடக்க அடர்த்தியையும் சந்தேகியுங்கள். கெட்டியான சாரத்தின் மேல் தண்ணீர் ஊற்றி 20 லிட்டர் ஆக்கியவர்கள், நன்றாகக் கலக்காமல் அளந்தால் மேல்தட்டு 1.030-உம் கீழ்த்தட்டு 1.065-உம் காட்டும்.

ஹைட்ரோமீட்டரே மூன்று நாளாக 1.020 காட்டுகிறது என்றால், ஈஸ்ட் நின்றதா, அல்லது ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை தீர்ந்ததா என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. 250 மில்லி லிட்டர் பீரைச் சுத்தமான குடுவையில் எடுத்து, 2 கிராம் உலர் ஈஸ்டைப் போட்டு, வாயில் அலுமினியத் தாளை மூடி, 22 முதல் 25 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். அவ்வப்போது சுழற்றுங்கள். குடுவையில் அடர்த்தி 1.010-க்கு இறங்கினால் தொட்டியில் உள்ள ஈஸ்ட்தான் சோர்ந்திருக்கிறது. குடுவையிலும் 1.019-இலேயே நின்றால் ஈஸ்ட் மேல் குற்றம் இல்லை. மால்ட்டை அரைத்து வெந்நீரில் ஊறவைத்தபோது சூடு கூடிவிட்டது. 64 முதல் 66 டிகிரியில் ஊற வேண்டியதை 70-இல் வைத்தால் நொதிக்காத சர்க்கரைகள் மிஞ்சும். அதற்கு இப்போது மருந்து இல்லை, கொஞ்சம் கனமான லாகர் என்று ஏற்றுக்கொள்வதே மேல். பழைய சாரத்தில் செய்த கிட் பீர்களும் 1.016-க்குக் கீழே இறங்க மறுக்கலாம். இந்தச் சோதனையைக் கோளாறு வந்த பிறகு செய்வதைவிட, ஈஸ்ட் போடும் நாளிலேயே ஒரு குடுவை வோர்ட்டை ஒதுக்கிச் செய்துவிடுவது புத்திசாலித்தனம். பீர் எங்கே போய் நிற்கும் என்று மூன்றாம் நாளே தெரிந்துவிடும்.

ஈஸ்ட் சோர்ந்ததுதான் என்று தெரிந்தால், ஒரு நாளில் 2 டிகிரி வீதம் 16, 17 டிகிரிக்கு ஏற்றுங்கள். மூடியைத் திறக்காமல் தொட்டியைச் சாய்த்து மெல்லச் சுழற்றி வண்டலை எழுப்புங்கள். பெரும்பாலும் இதிலேயே மூன்று நாலு நாளில் மீதி இறங்கிவிடும். பாதி நொதித்த பீரில் சூடேற்றுவதால் பழ வாசனை வருமோ என்ற பயம் தேவையில்லை. அந்த வாசனைகள் பெரும்பாலும் முதல் சில நாள் வளர்ச்சியில் உண்டாகுபவை.

அதற்கும் அசையாவிட்டால் புது ஈஸ்ட். ஆனால் உலர்ந்த பொட்டலத்தைப் பிரித்து மேலே தூவினால் ஆல்கஹாலும் அமிலமும் அதை விழித்தெழ விடாது. 11.5 கிராமை நீரில் ஊறவைத்து, அடர்த்தி 1.040 உள்ள அரை லிட்டர் ஸ்டார்ட்டரில் விட்டு, 20 டிகிரியில் 12 மணி நேரம் நுரை பொங்கும்வரை காத்திருங்கள். பிறகு நின்றுபோன பீரில் அரை லிட்டரை எடுத்து அதோடு சேர்த்து, மறுபடி நுரைத்து எழுந்ததும், சலசலக்காமல் மொத்தத்தையும் தொட்டியில் இறக்குங்கள். தொட்டி அப்போது 17 டிகிரியில் இருக்கட்டும்.

அடர்த்தி முடிய வேண்டிய எண்ணுக்கு வந்து, அங்கேயே மூன்று நாள் நிற்காமல் பாட்டிலில் அடைக்காதீர்கள். 1.020-இல் அடைத்த பீர் பாட்டிலுக்குள் மீண்டும் நொதித்தால் கண்ணாடி வெடிக்கும். கண் போகும் விஷயம் இது.

அறிகுறி: அழுகிய முட்டை வாசனை

லாகர் ஈஸ்டுக்கு இது இயல்பு. நொதித்தலிலும் பிறகு குளிரில் கிடக்கும் வாரங்களிலும் மறைந்துவிடும்.

அறிகுறி: அடர்த்தி இறங்கிவிட்டது, ஆனால் வெண்ணெய் வாசனை

மந்தமான நொதித்தலின் வால் இது. வெண்ணெய் வாசனை தரும் டையசிட்டைல் என்ற பொருளுக்கு ஈஸ்ட் வழி செய்துவிட்டு, கடைசியில் அதைத் தானே தின்றும் தீர்க்கும். குளிரில் அந்தக் கடைசி வேலைக்கு அதற்குத் தெம்பு இருக்காது. முடியும் எண்ணுக்கு இன்னும் 5, 6 புள்ளி இருக்கும்போதே, நம் உதாரணத்தில் 1.016 பக்கம், தொட்டியை 16 முதல் 18 டிகிரிக்கு ஏற்றி மூன்று நாள் விடுங்கள்.

முடிந்ததா என்று அறிய இரண்டு குவளை மாதிரி எடுங்கள். ஒன்றை மூடி 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் நிறுத்தி, பிறகு ஆற்றி, இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் அல்லது சினிமா அரங்குப் பாப்கார்ன் வாசனை வந்தால், பீரில் இன்னும் மறைந்து கிடக்கிறது என்று பொருள். இன்னும் இரண்டு நாள் 18 டிகிரியிலேயே விட்டு மறுபடி சோதியுங்கள். இரண்டு குவளையிலும் வாசனை இல்லாத நாளில், நாளுக்கு 2 டிகிரி வீதம் இறக்கத் தொடங்கி, பூஜ்யத்துக்கும் 2 டிகிரிக்கும் நடுவில் நாலு வாரம் கிடத்துங்கள்.